கருப்பனின் முகநூல் பக்கம்



ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். இரா.முருகவேளின் தமிழாக்கம் ‘எரியும் பனிக்காடு’. திருநெல்வேலிச் சீமையின் மயிலோடையிலிருந்து கருப்பனும் மனைவி வள்ளியும் தேயிலைக்காட்டுக்குப் போகிறார்கள். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கு நம் பூட்டன்மார் வந்த பாதையும் ஏறத்தாழ இதுதான்.

கருப்பனுக்கு முகநூல் இருந்திருந்தால்? சொந்த ஊர் மயிலோடை, வேலை தோட்டத்தில். அடுத்து என்ன எழுதுவான்? ஆள் சேர்க்கும் மேஸ்திரி தந்த முன்பணம் தீராக் கடனானதை ஊரறியச் சொல்வானா, மறைப்பானா? வள்ளி தன் படத்தைப் போடத் துணிவாளா? மேஸ்திரியின் பக்கத்திலோ நல்ல கூலி, நல்ல வீடு என்ற அழைப்புகளே நிறைந்திருக்கும். நம் கங்காணிமாரும் அப்படித்தானே ஆள் சேர்த்தார்கள்! இந்த இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்தால் பிள்ளைகளுக்கு ஆள்கட்டும் முறை முழுவதும் புரிந்துவிடும்.

ஆசிரியர்களே, இந்தப் பக்கங்களை எழுதும் பயிற்சியை வகுப்பில் செய்து பாருங்கள். கைப்பேசி வேண்டாம், கொப்பித்தாள் போதும். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் நாவலிலிருந்து ஆதாரம் காட்டச் சொல்லுங்கள்; அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த தவணைக்கு, இலங்கைத் தோட்டத்துக் கதையான கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யை எடுத்துக்கொள்ளலாம்.