அந்தப் பகா எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் யார்?



கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் செழிக்கும் இந்தப் பத்தமடையில் பகா எண்களைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். இடம் பொருத்தமானதே. பழைய திருநெல்வேலி மாவட்டத்தில், குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்தவர் கணிதவியலாளர் எஸ்.எஸ். பிள்ளை. வாரிங் கணக்கு என்னும் எண்கோட்பாட்டுச் சிக்கலில் அவர் செய்த பணியை உலகம் அறியும். நம் கருத்தரங்கை நேராகத் தொடுவது வேறொன்று: 1944இல், ஒரு பகா எண்ணின் மிகச் சிறிய பிரிமிட்டிவ் ரூட்டைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை. 1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்காவுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்தார். அவருக்கு வயது 49.

மாணவர்களுக்காகப் பிரிமிட்டிவ் ரூட்டைக் கணக்கிலேயே காட்டுகிறேன். 23ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 5இன் அடுக்குகளை 23ஆல் வகுத்துக்கொண்டே போனால் 1 முதல் 22 வரை ஒவ்வொரு மீதியும் வந்துவிடும். 5 அதன் பிரிமிட்டிவ் ரூட். நான் மனதுக்குள் 3ஐ நினைத்து, 5இன் மூன்றாம் அடுக்கின் மீதியான 10ஐ ஊரறியச் சொல்கிறேன். நீங்கள் 7ஐ நினைத்து 17ஐச் சொல்கிறீர்கள். உங்கள் 17ஐ நான் மூன்றாம் அடுக்குக்கு உயர்த்தினாலும், என் 10ஐ நீங்கள் ஏழாம் அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 14தான். இருவருக்கும் பொதுவான சாவி அதுவே. 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட முறை இது. இதே 23, பிள்ளையின் பெயர் தாங்கிய பகா எண்களில் மிகச் சிறியதும்கூட.

கடவுச்சொற்களை வலைப்பின்னலில் ஒட்டுக்கேட்டுத் திருடுவதைக் கண்டு, பின்லாந்தில் தாத்து இலோனென் 1995இல் எஸ்.எஸ்.எச். நிரலை எழுதினார். இன்று அதன் வழியே தொலைவிலுள்ள சர்வரில் நுழையும்போது டிஃபி-ஹெல்மன் முறையே நடக்கலாம். அப்போது 23க்குப் பதில் 617 இலக்கமோ அதற்கு மேலோ கொண்ட பகா எண் நிற்கும். அதிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் வருவதும் பகா எண்ணாக இருக்க வேண்டும். ஒன்றைக் கழித்தால் வருவது சிறு காரணிகளாகவே பிரிந்துவிட்டால், அவற்றின் வழியே கணக்கைத் துண்டு துண்டாக உடைத்துவிடலாம்.

அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தவர் யார்? இதுவே என் கேள்வி. பழைய 1024 பிட் எண் ஒன்றைப் பையின் (π) இலக்கங்களிலிருந்து அமைத்தார்கள். உள்நோக்கம் இல்லை என்று காட்ட அது நேர்மையான வழி. ஆனால் பலரும் அதையே வைத்துக்கொண்டார்கள். ஒரு பகா எண்ணுக்கான பெருங்கணக்கை ஒருமுறை போட்டுவிட்டால், அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு இணைப்பையும் எளிதில் திறக்கலாம். இந்த ஒன்றை உடைத்தாலே எஸ்.எஸ்.எச். சர்வர்களில் 26 விழுக்காட்டின் இணைப்புகளை ஒட்டுக்கேட்கலாம் என 2015இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மறுஆண்டு வேறொரு குழு, வெளியாருக்குத் தெரியாத ரகசிய வழியை உள்ளே வைத்து 1024 பிட் பகா எண் ஒன்றைச் செய்தது. அதை உடைக்க இரண்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் பிடித்தது.

ஓர் எண் பகா எண்ணா என்று ஐயமின்றி விரைவில் சொல்லும் வழியை 2002இல் உலகுக்குத் தந்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா. நடைமுறையில் மில்லர்-ராபின் சோதனையே ஓடுகிறது. எனினும் பகா எண்தான் என்று நிறுவினால் போதாது. அது எப்படிப் பிறந்தது என்பதும் தெரிய வேண்டும்.

ஆகவே நண்பர்களே, உங்கள் கல்லூரி சர்வரில் மாடுலி என்றொரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள பகா எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேளுங்கள். 2048 பிட்டுக்குக் குறைந்தவற்றை நீக்குங்கள். புதியவற்றை நீங்களே உருவாக்கிச் சோதிக்கலாம், ஓப்பன் எஸ்.எஸ்.எச். தொகுப்பிலேயே அதற்கான கருவி உண்டு. குவாண்டம் கணினிக்கு அஞ்சி உலகம் வேறு முறைகளுக்கு மாறிவருவது உண்மைதான். அவற்றைப் பிற்பகல் அமர்வில் விரிவாகப் பார்ப்போம். முறை மாறினாலும் அதன் எண்களைத் தேர்ந்தவர் யார் என்ற கேள்வியை அங்கும் எழுப்புங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.