மாணவர் படமும் தொகுப்பாளர் கடமையும்

(மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



குறும்படம் ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து எடுத்து முடித்த மாணவரை, அதன்பின் ஒவ்வொருவராகக் கமராவின் முன் இருத்தி, "நீ என்ன செய்தாய்? ஏன் அவ்வாறு செய்தாய்? எங்கே இடர்ப்பட்டாய்?" என்று பேசவைக்கும் வழக்கம் இன்று பல கல்விக்கூடங்களில் உண்டு. மீள்நோக்குக் காணொளி என்று அதனைச் சொல்லலாம். படம் எடுப்பதைப் பற்றிப் பேச வல்லார் இச்சபையிற் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்டது, அந்தப் பேச்சைத் தொகுக்கும் வேலையை மாத்திரமே.

5 பேர் ஆளுக்கு 20 நிமிடம் பேசினால் 100 நிமிடம் ஆயிற்று. ஆசிரியர் கேட்பதோ 5 நிமிடம். மிகுதி 95 நிமிடத்தையும் கழித்துவிடுபவர் யார்? பேசிய ஐவருள் ஒருவரே. நண்பர்களின் வாய்ச்சொல் முழுவதும் அவர் கைக்குள் வந்துவிடுகின்றது. இதிலேதான் சிக்கல்.

ஒரு மாணவி இப்படிச் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "கடைசிக் காட்சியை மாத்த வேண்டாம் எண்டுதான் நான் சொன்னனான்." சற்று மௌனம். "எல்லாரும் மாத்துவம் எண்டபடியால் நானும் ஓம் எண்டன். பிறகு பாக்க அது நல்லாத்தான் இருந்தது. ஆனால் ஏன் வேண்டாம் எண்டு ஒருத்தரும் என்னட்டைக் கேக்கேல்லை."

முதல் வாக்கியத்தோடு வெட்டினால் அவள் பிடிவாதக்காரி. நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் அது ஒற்றுமை மிக்க குழு. ஆசிரியர் மகிழ்வார், புள்ளியும் வரும். கடைசி வாக்கியம் மட்டும் நின்றால் அவள் மனக்குறைக்காரி. மூன்றும் அவள் குரலே. ஒரு சொல்லேனும் நாம் சேர்க்கவில்லை. ஆயினும் அவள் நினைத்தது மூன்றிலும் இல்லை. இடையில் வந்த மௌனத்தையும் மறக்கலாகாது. மேலே சொல்வதா விடுவதா என்று அவள் தன்னுள்ளே வழக்காடிய இடம் அது. மௌனத்தையும் "ம்" என்ற இழுவையையும் தானே கண்டுபிடித்து நீக்கும் கருவிகள் இப்போது கணினியில் வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் அந்த வழக்காட்டம் போய்விடும். பேச்சு வானொலிச் செய்திபோல் ஓடும்.

இந்தத் தொல்லை புதிதன்று. 1960ஆம் ஆண்டு கோடையிலே பாரிஸ் நகரில் மானிடவியலாளர் ழான் ரூஷ், சமூகவியலாளர் எட்கார் மோரன் என்னும் இருவர், மாணவரும் தொழிலாளரும் அலுவலகத்தாருமாகச் சிலரைக் கூட்டி, தத்தம் வாழ்வைப் பற்றித் தாமே பேசவைத்துப் படமெடுத்தனர். 'ஒரு கோடையின் குறிப்பேடு' என்று தமிழிற் சொல்லத்தக்க அப்படம் 1961இல் வெளிவந்தது. எடுத்த படச்சுருள் ஏறக்குறைய 25 மணி நேரம். திரைக்கு வந்தது ஒன்றரை மணி நேரமளவே. எதை வைப்பது என்பதில் இருவருக்குமிடையே கருத்து வேறுபாடும் இருந்தது.

அப்படத்தில் மார்சலின் லோறிடான் என்னும் பெண், ஒலிப்பதிவுக் கருவியைத் தாமே சுமந்து, நகரச் சதுக்கத்தில் தனியே நடந்தபடி பேசுகிறார். 1944இல் தந்தையோடு அவுஷ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர் அவர், தந்தை திரும்பவில்லை. அந்தத் தந்தையை விளித்தே பேசுகிறார். சொல் வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. அந்த இடைவெளிகளைத் தொகுப்பில் விட்டுவைத்தார்கள். அவற்றை நீக்கியிருந்தால் ஒரு தகவல் மிஞ்சியிருக்கும். அந்த மனிதர் மிஞ்சியிரார்.

இதனினும் மேலாக அவர்கள் செய்த காரியம் ஒன்றுண்டு. தொகுத்த பகுதிகளைப் பேசியவர்களுக்கே போட்டுக் காட்டி, அவர்கள் சொன்ன அபிப்பிராயத்தையும் படமெடுத்து, அதையும் படத்திற் சேர்த்தனர். சிலர் பொய்யாக இருக்கிறதென்றனர். சிலர் அளவுக்கு மீறி மனத்தைத் திறந்துவிட்டதாகக் கூசினர். தம் வேலையைப் பழிக்கும் சொல்லையும் தம் படத்திலேயே வைத்தார்களே, அதுவே நாம் பாராட்டுவது.

இனி, கைவேலை. முதலில் எல்லாருடைய பேச்சையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு வாக்கியத்தை வெட்டினால் அதன் "ஆனால்" எங்கே போகிறதென்று தாளிலேதான் தெரியும். மூலப் பதிவை அழிக்கவேண்டாம். திரும்பத் திரும்பச் சொன்னதை நீக்கலாம். இருமலையும் மின்விசிறி இரைச்சலையும் பற்றி நாம் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. அங்கே இல்லாத மூன்றாமவரைப் புண்படுத்தும் சொல்லையும் நீக்கத்தான் வேண்டும்.

வெட்டிய இடத்தில் முகம் துள்ளுமே என்பீர்கள். அதை மறைக்கக் கை, புத்தகம், யன்னல் என்று வேறு படத்தை மேலே ஒட்டுவது வழக்கம். ஒலி தடையின்றி ஓடுவதால், இரு வேறு வாக்கியங்களை ஒன்றாக்கியது பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. அழகாய்த்தான் இருக்கும். ஆயினும் மீள்நோக்குக் காணொளியில் அந்தத் துள்ளல் தெரிவதே நல்லதென்பது நம் துணிபு. இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறதென்று பார்ப்பவர் அறியட்டும். 1960இல் வெளிவந்த கொடாரின் முதல் நெடும்படம் இத்தகைய துள்ளல் வெட்டுகளாலேயே பேர்பெற்றது. ஆகவே வெட்கப்பட ஏதுமில்லை.

புள்ளி குறையுமே என்ற பயம் எஞ்சுகிறது. பயம் நியாயமானதே. அதற்காக அந்த மாணவியின் கடைசி வாக்கியத்தை நீங்களாக எடுத்துவிட வேண்டாம். ஆசிரியருக்கு அனுப்புமுன் தொகுப்பை அவளுக்குக் காட்டுங்கள். "இதை எடுத்துவிடு" என்று அவளே சொன்னால் எடுத்துவிடுங்கள், பேச்சு அவளுடையது. சொல்லாவிட்டால் இருக்கட்டும். காட்டும்போது மற்ற நால்வரும் பக்கத்தில் இருப்பது நல்லது. ஏன் வேண்டாமென்றாள் என்று அப்போதாவது யாரேனும் கேட்கக்கூடும். கமராவை ஓடவிட்டே வையுங்கள்.