சலுகையன்று, கடன்!



அரசாங்கம் குடிமகனுக்குக் கொடுப்பது பிச்சையா, அன்றிச் சட்டப்படி அவனுக்குச் சேரவேண்டிய உரிமையா? இக்கேள்விக்கு விடை காணக் கோடீஸ்வரன் வழக்கை உங்கள் முன் எடுத்துவைக்கின்றேன்.

கோடீஸ்வரன் 1952ஆம் ஆண்டு அரசாங்க எழுதுவினைஞர் சேவையிற் சேர்ந்தவர். 1962 ஏப்ரலில் அவருக்கு உரிய சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்டது. கடமையிற் குறை கண்டார்களா? இல்லை. 1961இல் திறைசேரி விடுத்த சுற்றறிக்கை கேட்ட சிங்களப் பரீட்சையில் அவர் தேறியிருக்கவில்லை, அதுவே காரணம்.

அவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்திற் சட்டமா அதிபர்மீது வழக்குத் தொடுத்தார். ஓர் இனத்தவருக்கு மட்டும் இடையூறு விளைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்பது சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் அதனை மீறியது என்பதே அவர் வாதம். 1964இல் மாவட்ட நீதிபதி அவ்வாதத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தார்.

அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. அரசாங்க ஊழியன் தன் சம்பளத்துக்காக முடிமீது வழக்காட முடியாது என்று 1967இல் உயர் நீதிமன்றம் கூறிற்று. வழக்கை வாசலிலேயே மறித்துவிட்டபடியால், உள்ளேயிருந்த மொழிப் பிரச்சினையை மன்று தொடவேயில்லை.

வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்றது. 1969 டிசம்பரில் டிப்லொக் பிரபு தீர்ப்புரைத்தார்: உழைத்த சம்பளம் அரசு ஊழியனுக்குக் கொடுபடவேண்டிய கடன், இலங்கைச் சட்டப்படி அதனை வழக்காடி அறவிடலாம். ஆயின் மொழிச் சட்டம் செல்லுமா என்பதை முதலில் உயர் நீதிமன்றமே ஆராயவேண்டும் எனத் திருப்பி அனுப்பப்பட்டது.

அந்த விடை வரவேயில்லை. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 அரசியலமைப்பு 29ஆம் பிரிவையே அகற்றிற்று. நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாதென்று சொல்லுமுன், அவ்வாறு சொல்ல ஆதாரமாயிருந்த பிரிவையே மாய்த்துவிட்டார்கள்! நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றம் ஆராய இன்றைய 1978 அரசியலமைப்பும் இடமளிப்பதில்லை. தமிழும் ஆட்சிமொழி என்னும் திருத்தம் 1987இல் வந்தது. அது நீதிமன்றத் தீர்ப்பால் வந்ததன்று.

ஆகவே நீதிமன்றம் வீண் என்று கைகட்டி இருப்பதா? அன்று. சட்டத்தை அசைக்க மக்கள் பலம் வேண்டும். அதிகாரியின் ஆணையை அசைக்க இன்றும் நீதிமன்றம் உண்டு. உர மானியமோ, 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவியோ உங்களுக்கு மறுக்கப்பட்டால், முதலில் முடிவையும் காரணத்தையும் எழுத்திற் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குத் துணை. அடிப்படை உரிமை மீறப்பட்டதெனில், உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே தவணை. அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் தவணையிற் சேராது. கந்தோர் வாசலில் "நாளை வா" என்பதைக் கேட்டுக் கேட்டு அந்த மாதத்தை இழந்தவர்கள் நம்மிற் பலர்.

விவசாயிகளே, உங்கள் கடிதங்களையும் பற்றுச்சீட்டுகளையும் தோட்டத்து உறுதியைப்போற் பேணுங்கள். சட்டம் கற்ற அன்பர்களே, கட்டணம் பாராது ஊருக்கொருவர் அவற்றைப் படித்துப் பார்க்க முன்வாருங்கள். ஓர் எழுதுவினைஞர் தனியொருவராய் நின்று ஓர் அரசாங்கத்தைப் பதில் சொல்ல வைத்தார். நாம் ஊராய் நின்றால் எவ்வளவு செய்யலாம்!