கட்டிலுக்கு அடியில் கிடக்கும் புத்தகங்கள்



மூதூரின் வாசகப் பெருமக்களே, இன்று தன் முதற் சிறுகதைத் தொகுதியை நம் கைகளில் தந்திருக்கும் என் பழைய மாணவி, மகளே,

அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே நயவுரை என்று போட்டிருக்கிறது. கதைகளின் நயத்தை எனக்கு முன்பு பேசியவர்கள் நிறைவாகவே சொல்லிவிட்டார்கள். நாளைக் காலையில் இந்தப் புத்தகத்துக்கு என்ன நடக்கும் என்பதைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதி தாருங்கள்.

என் முதற் புத்தகத்தை 500 பிரதி அடித்தேன். வெளியீட்டு விழா நன்றாக நடந்தது. வந்தவர்கள் கவரில் காசு வைத்துத் தந்தார்கள், புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். மிச்சம் 300க்கு மேலே. அவற்றைப் பெட்டிகளில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். யாராவது கேட்டால் கொடுப்போம், நாமாகப் போய் வாங்கு என்று கேட்பதா, எழுதுகிறவனுக்கு அது அழகா என்று இருந்துவிட்டேன். அந்தக் கூச்சத்தைப் பணிவு என்று நினைத்தேன்.

2004 மார்கழி 26ஆம் திகதி, சுனாமி நாளில், கடல் வீட்டுக்குள் வந்தது. உயிர் தப்பியவர்கள் நாங்கள். ஊரில் எத்தனையோ வீடுகளில் மனிதர்களையே இழந்து நின்றபோது, புத்தகத்துக்கு அழ எனக்கு வாய் வரவில்லை. சில நாள் கழித்துப் பெட்டிகளை இழுத்தேன். அட்டைப்பெட்டி கையோடு பிய்ந்து வந்தது. புத்தகங்கள் ஊறிப் பருத்து, ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி இருந்தன. முற்றத்தில் வெயிலில் பரப்பினேன். காய்ந்தன, ஆனால் ஒரு பக்கத்தையும் பிரிக்க முடியவில்லை. அந்த முற்றத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. கடல் கொண்டுபோனது கொஞ்ச நாளைக்கு முன்னாலேதான். அதற்கு முன்னே அத்தனை வருஷம் அந்தப் புத்தகங்களை யாரும் திறக்காமல் வைத்திருந்தவன் நான்.

அடுத்த புத்தகம் வந்தபோது, பத்துப் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு லாஞ்சில் திருகோணமலைக்குப் போனேன். தரை வழியில் அப்போது பாலங்கள் இல்லை. கிண்ணியாப் பாலத்தை 2009இல்தான் திறந்தார்கள். பக்கத்தில் இருந்த ஒரு தாய் என் கையில் இருந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல நம்மட ஊரு வருதா?" என்று கேட்டார். "வருது உம்மா. துறையடி வருது, இந்த லாஞ்சும் வருது" என்றேன். "அப்ப ஒண்டு தாங்க. எனக்கு வாசிக்கத் தெரியா, மகள் வாசிப்பா" என்று சொல்லி, லேஞ்சியில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து எண்ணித் தந்தார்.

அந்தத் தாய் என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்ன பட்டம், என்ன பரிசு, யார் அணிந்துரை என்று கேட்கவில்லை. புத்தகத்துக்குள் தனக்கு இடம் இருக்கிறதா என்றே கேட்டார். எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த ஒரு கேள்விக்கு இரண்டு வசனத்தில் பதில் வைத்திருக்க வேண்டும். நம்மைப் பற்றிச் சொல்லும்போதுதான் நா கூசுகிறது. புத்தகத்தில் வரும் மனிதர்களைப் பற்றிச் சொல்ல எதற்குக் கூச்சம்?

இப்படிக் கையில் எடுத்துப்போய் விற்பதை எனக்கு முன்னரே செய்து காட்டிய ஒரு மனிதர் இந்த நாட்டில் இருந்தார். டொமினிக் ஜீவா. யாழ்ப்பாணத்தில் சலூன் நடத்தியவர். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர். 1966 ஆவணியில் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். பரிசு பெற்ற எழுத்தாளர், இதழின் ஆசிரியர், அந்த இதழைத் தன் கையிலேயே தூக்கிக்கொண்டு தெருவில் நின்று விற்றார். தெரிந்தவர் தெரியாதவர் என்று பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் பிறகு கொழும்பிலும் இருந்து, போருக்கு நடுவிலும், 2012 வரைக்கும் மல்லிகையைக் கொண்டுவந்தார். 2021 தை மாதம் அவர் மறைந்தபோது பலரும் முதலில் நினைவுகூர்ந்தது கையில் மல்லிகையோடு நடந்து வரும் அந்த உருவத்தைத்தான்.

அவரிடம் நான் இன்னும் பெரிதாக மதிப்பது ஒன்று உண்டு. மல்லிகையின் அட்டையில் எழுத்தாளர்கள், கலைஞர்களின் படங்களைப் போட்டார். மற்றவர்களின் முகத்தை ஊருக்குக் காட்டினார். தன் புத்தகத்தை மட்டும் தூக்கிப் பிடிக்கிறவரைப் பார்த்தால் சனம் ஒதுங்கும். பிறர் புத்தகத்தையும் வாசித்து, "இதை வாங்குங்கள்" என்று சொல்கிறவர் தன் புத்தகத்தைப் பற்றிச் சொல்லும்போது சனம் நின்று கேட்கும். மகள், உங்களோடு எழுதத் தொடங்கிய பிள்ளைகள் கிண்ணியாவில், சம்பூரில், தோப்பூரில் இருக்கிறார்கள். அவர்களின் புத்தகத்தையும் உங்கள் பையில் வையுங்கள்.

கூச்சப்படாத இன்னொருவர் பாரதி. 1920இல் கடையத்தில் இருந்துகொண்டு தன் எழுத்துகளை 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதியாக அச்சிடத் திட்டம் போட்டார். அதற்குத் தரும் பணத்தை வட்டியோடு திருப்பித் தருவதாக நண்பர்களுக்கு எழுதினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தன் புத்தகங்கள் சனங்களிடம் போக வேண்டும் என்றார். அவ்வளவு பெரிய கவி, தன் பாட்டைத் தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் கூச்சப்படவில்லை. திட்டம் நிறைவேறவில்லை, அடுத்த வருஷமே போய்விட்டார். அந்த ஆசை இன்றைக்கும் சரியான ஆசைதான்.

நம் ஊருக்கே வருகிறேன். 1660இல் இந்தக் கொட்டியாரக் குடாக் கரையில் பிடிபட்ட றொபேட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருஷத்துக்கு மேல் கைதியாக இருந்து, 1679இல் தப்பிப் போய் எழுதிய புத்தகம் 1681இல் லண்டனில் வெளிவந்தது. றொபேட் ஹூக் என்ற விஞ்ஞானி துணை நின்று முன்னுரையும் எழுதினார். புத்தகத்துக்குத் துணை தேடுவதில் குறைவு ஒன்றும் இல்லை. இதே மூதூரில் 1925இல் பிறந்த வ.அ. இராசரத்தினம் ஆசிரியராக இருந்துகொண்டே எழுதினார். அவருடைய 'தோணி' தொகுதியும் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. குடாவுக்கு அப்பால் இருந்தவர்கள் இந்தக் கரையின் மனிதர்களை அறிந்தது அந்தப் புத்தகம் கடல் கடந்து போனதால்தான். பெட்டிக்குள் இருந்திருந்தால் நம்மை யாருக்குத் தெரியும்?

நம்முடைய வெளியீட்டு விழாக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கவரில் வரும் காசு அச்சகக் கடனைத் தீர்க்கும். எழுதிய பிள்ளைமீது ஊர் வைத்திருக்கும் அன்பு அது, மறுக்க வேண்டாம். ஆனால் அந்தக் கவரோடு ஒரு வாசகர் வருவார் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. வாசகரைத் தேடிப் பாடசாலை நூலகத்துக்கும் பொது நூலகத்துக்கும் போக வேண்டும். பேஸ்புக்கில் அட்டைப்படம் போட்டு ஒரு கிழமை வாழ்த்து வாங்கினால் போதாது. புத்தகத்தில் இருந்து ஒரு பந்தியை எடுத்துப் போடுங்கள், அதை எழுதிய கதையைச் சொல்லுங்கள், ஒரு வருஷம் விடாமல் செய்யுங்கள். ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அது உங்கள் எழுத்துக்கு வந்த தீர்ப்பு என்று எடுக்காதீர்கள். அன்றைக்கு அவர் கையில் காசு இல்லாமல் இருந்திருக்கும்.

மண்டப வாசலில் மேசை போட்டிருக்கிறார்கள். மகள், கூட்டம் முடிந்ததும் அந்த மேசைக்குப் பின்னால் நீங்களே போய் நில்லுங்கள். தம்பிமாரை நிறுத்தாதீர்கள். சபையோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கவரை வைத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போகாதீர்கள். புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தை அங்கேயே நின்று வாசியுங்கள். இந்தப் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். பிறகு வாங்குங்கள். விலை 500 ரூபாய்.