குறத்தி பிடித்த கை



கிறித்துவ நம்பிக்கை தமிழ்க் கலையில் என்ன செய்தது என்று ஆராய்வோர் பெரும்பாலும் தேம்பாவணியிலிருந்தே தொடங்குவர். 1726இல் வீரமாமுனிவர் 3,615 பாக்களில் சூசையப்பரை வளன் என்னும் காப்பியத் தலைவனாக்கிய செயல் பெரிது. ஆயினும் காப்பியம் கற்றோர் அவைக்குரியது. பொதுமக்கள் கண்டும் கேட்டும் மகிழ்ந்த குறவஞ்சியைக் கிறித்துவப் புலவர் ஒருவர் கையிலெடுத்தபோது நிகழ்ந்தது இன்னும் நுணுகி நோக்கத்தக்கது.

அவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). நெல்லைச் சீமையில் வேளாளர் மரபில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டுக் கல்வி பெற்றவர். மன்னர் இரண்டாம் சரபோஜியும் அதே ஐயரிடம் பயின்றவரே. சரபோஜியின் மீது சரபேந்திர பூபாலக் குறவஞ்சி எழுந்தது; சாஸ்திரியாரின் உள்ளமோ பெத்லகேமில் பிறந்தவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது. அதுவே பெத்லகேம் குறவஞ்சி.

குறவஞ்சியின் அமைப்பு யாவரும் அறிந்ததே. தலைவன் உலா வருவான். தலைவி கண்டு மயங்குவாள். குறத்தி வந்து குறி சொல்வாள். சிங்கன் பறவைக்குக் கண்ணி வைத்துவிட்டுச் சிங்கியைத் தேடுவான். இவற்றுள் எதனையும் சாஸ்திரியார் தள்ளவில்லை. சீயோன் மகளாகிய தேவமோகினி இங்கே தலைவி. அவள் திருச்சபையின் உருவம். ஆழ்வார்கள் தம்மை நாயகியாக்கிப் பாடிய மரபும், விவிலியத்தின் உன்னதப்பாட்டும் அவளிடத்தில் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. சிங்கனின் பறவை வேட்டை ஆன்மாக்களைத் தேடும் பணியாகிறது. அவர் கற்ற புதிய வானநூலும் நிலநூலும்கூடப் பாட்டில் இடம்பெற்றன. நம்பிக்கை கலையின் இன்பத்தைக் குறைக்கவில்லை. அதற்குப் புதிய இலக்கு ஒன்றைக் காட்டியது.

இதுவரை மகிழ்ச்சி. இனி வருவது வருத்தம். அதை மறைப்பது சாஸ்திரியாருக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

1820களில் புதிய மிஷனரிமார் சிலர் தஞ்சைச் சபையில் மாற்றங்களைப் புகுத்தினர். சாஸ்திரியார் எதிர்த்தெழுந்தார். பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்துதல், விழாக்களில் மலர்களை விலக்குதல், ஆலயத்தில் தமிழ்ப் பாடல்களைத் தடுத்தல் ஆகியவை அவர் முறையிட்ட கொடுமைகள். மலருக்கும் இசைக்கும் அவர் வாதாடியதைக் கேட்டு எந்தக் கவிஞரின் நெஞ்சும் நெகிழும். ஆனால் அதே பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்க வற்புறுத்துதல். ராகத்தைக் காத்த அதே குரல் சாதி வேற்றுமையையும் காக்க முனைந்தது. இரண்டும் மரபே என்று அவர் எண்ணினார். முன்னதைக் காத்தமைக்குத் தமிழ்ச் சபை இன்றும் கடன்பட்டிருக்கிறது. பின்னதைக் காத்தமைக்கு நாணவேண்டியிருக்கிறது.

அங்ஙனமாயின் அவர் கலையை எவ்வாறு சுவைப்பது? நூலுக்கே திரும்பவேண்டும். குறவஞ்சியில் தலைவியின் நோய்க்குக் காரணம் அறிந்து சொல்பவள் மலையிலிருந்து கூடையோடு இறங்கி வந்த குறத்தி. குறி கேட்க விரும்பும் உயர்குலத் தலைவி அவள் முன் கை நீட்டியே ஆகவேண்டும். மரபு தந்த இக்காட்சியைச் சாஸ்திரியார் நற்செய்தியின் இடமாக்கினார். வானவர் செய்தி முதலில் மந்தை காத்த இடையர்க்கே வந்தது என்னும் பெத்லகேம் வரலாற்றோடு இது எத்துணைப் பொருந்துகிறது! ஆலயத்தில் அவர் மறுத்த ஒருமையை அவருடைய நாடகம் மறுக்கவில்லை.

கலைஞன் நம்பிக்கையைக் கலையில் ஏற்றும்போது, அவன் வாழ்வு இன்னும் எட்டாத உண்மையும் அதில் ஏறிவிடுவதுண்டு. அதனைக் கண்டு மகிழ்வதும், அதனை அளவுகோலாக்கிக் கலைஞனையே அளப்பதும் சுவைஞர் கடன். பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தில், அவரவர் நம்பிக்கையோடு பாடும் கவிஞர்க்கும் இவ்வளவுகோல் பொருந்தும். சாஸ்திரியார் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. அவர் நூலைத் திறக்கும்தோறும் தேவமோகினியின் கை குறத்தியின் கையில் இருக்கிறது.