பேர் பதியாத பிள்ளைக்குப் பணம் வராது

தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை



இன்று நாம் சம்பள உயர்வைப் பற்றிப் பேச வரவில்லை. சம்பளத்துக்கு வெளியே, பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்களுக்கென்று சட்டத்திலும் அரசாங்கத் திட்டங்களிலும் பணம் இருக்கிறது. அந்தப் பணம் நம் லயத்து வாசல் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போகிறதே, அது ஏன் என்பதைப் பேச வந்திருக்கிறோம்.

பிள்ளைகளுக்காகக் கேட்பது நமக்குப் புதிதல்ல. ஆயாக் கொட்டகையை அறியாத மூத்தவர் யாராவது இங்கே உண்டா? விடியுமுன் பெரட்டுக்குப் போகிற தாய், தூங்குகிற பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ச் சேலைத் தொட்டிலில் போட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் மரத்துக்கு ஓடினாள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எத்தனை இடங்களில் அந்தப் பள்ளி நாலு கம்பமும் ஒரு கூரையுமாய் நின்றது என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரியும். 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, ஆர். எச். நாதன் முதலியோர் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி மட்டுமா இருந்தது? பிள்ளைகளுக்கு முறையான கல்வியும், முறையான மருத்துவ வசதியும் அந்தப் பட்டியலில் இருந்தன. நாதன் நாடு கடத்தப்பட்டார். கோரிக்கை நாடு கடத்தப்படவில்லை.

இப்போது நடப்புக்கு வருவோம்.

பிரசவ விடுமுறை முன்பு 60 நாள். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது 98 நாளாயிற்று. அத்தனை நாளுக்கும் அலவன்ஸ் உண்டு. 2025 இல் நிர்ணயித்த மாதம் 1,700 வெள்ளிக் குறைந்தபட்சச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டாலும் ஐயாயிரம் வெள்ளிக்குக் குறையாது. ஒரு கைக்குழந்தையுள்ள வீட்டுக்கு இது சிறு தொகையா?

ஆனால் சட்டம் இரண்டு கேள்விகள் கேட்கும். பிரசவத்துக்கு முந்திய நான்கு மாதத்துக்குள் அந்தத் தாய் வேலையில் இருந்தாளா? முந்திய ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது வேலையில் இருந்தாளா? இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் சொல்ல வேண்டியது அவள் வாயல்ல, செக்ரோல்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் தோட்டங்களில் மனைவி புருஷனோடு நிரைக்குப் போகிறாள். மங்கு துடைக்கிறாள், கோட்டுப்பால் உரிக்கிறாள், பால் எடுக்கிறாள், வாளி சுமக்கிறாள். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது எழுதப்படுவது யார் பேர்? புருஷன் பேர். இரண்டு பேர் உழைப்பு ஒரு பேரில் ஏறுகிறது. வீட்டுக்கு வரும் காசு ஒன்றுதானே என்று நாமும் சும்மா இருந்து விடுகிறோம். பிள்ளை பிறக்கிற மாதத்தில்தான் அந்தச் சும்மா இருந்ததன் விலை தெரிகிறது. ஏட்டில் பேர் இல்லாத பெண் சட்டத்தின் கண்ணுக்குத் தொழிலாளியே அல்ல. பிரசவ அலவன்ஸும் இல்லை, சேமநிதியும் இல்லை, சொக்சோவும் இல்லை. கொந்தராக்டுக்காரரிடம் வேலை செய்யும் பெண்கள் நிலைமையும் இதுவே. பாதி மாதம் இவர் ஏட்டில், பாதி மாதம் அவர் ஏட்டில், 90 நாள் எங்கேயும் சேர்வதில்லை.

தகப்பன்மாருக்கும் 2023 முதல் ஏழு நாள் சம்பள விடுமுறை உண்டு. ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும், முப்பது நாளுக்கு முன் அறிவிக்க வேண்டும். அது மனைவிக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பதற்கு, கள்ளுக்கடைக்குப் போவதற்கு அல்ல. தாய்மார்கள் சிரிப்பதிலிருந்தே விஷயம் புரிகிறது.

அடுத்தது அரசாங்கத்தின் ரொக்க உதவி. 2023 இல் ரஹ்மா ரொக்க உதவி என்ற பேரில் வந்த திட்டத்தில், மாத வருமானம் 2,500 வெள்ளிக்கு மேற்போகாத குடும்பத்துக்குப் பிள்ளை இல்லாவிட்டால் ஆண்டுக்கு 1,000 வெள்ளி. ஒன்று இரண்டு பிள்ளைகள் என்றால் 1,500, மூன்று நான்கு என்றால் 2,000, ஐந்தும் அதற்கு மேலும் என்றால் 2,500. நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லையென்றால், அந்தக் குடும்பம் 500 வெள்ளியை வெறும் காகிதத்துக்காக இழக்கிறது.

இதற்கும் கீழே, வறுமைக் கோட்டுக்கு உட்பட்ட குடும்பங்களுக்குச் சமூக நல இலாகாவின் குழந்தைகள் உதவித்தொகை இருக்கிறது. 2021 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்கு மாதம் 200 வெள்ளி, ஏழு முதல் பதினெட்டு வரை 150 வெள்ளி, ஒரு குடும்பத்துக்கு அதிகப்படி 1,000 வெள்ளி என்று உயர்த்தினார்கள். புருஷனை இழந்த தாய், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டி, இவர்களெல்லாம் தயங்காமல் மனுச் செய்ய வேண்டும். பிள்ளையை இல்லத்தில் கொண்டுபோய் விடாமல் சொந்தக் குடும்பத்திலேயே வளர்க்கட்டும் என்பதற்காக ஏற்பட்ட பணம் அது. வாங்குவதில் வெட்கம் எதற்கு? வருமான வரி கட்டுகிற பெரிய உத்தியோகஸ்தர் பிள்ளைக்கு 2,000 வெள்ளி என்று வரிக் கழிவு எழுதுகிறாரே, அவர் வெட்கப்படுகிறாரா? வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத நமக்கு அந்தக் கழிவு உதவாது. நமக்குள்ள வழி மனுதான்.

மனுவோடு கேட்பது என்ன? கலியாணப் பத்திரம், பிறப்புப் பத்திரம். தோட்டத்து மாரியம்மன் சன்னிதியில், ஊரறியத் தாலி கட்டியாயிற்று, இன்னும் என்ன பதிவு என்று கேட்பவர் இருக்கிறார்கள். அம்மன் சாட்சி நமக்குப் போதும், பதிவிலாகாவுக்குப் போதாது. 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து முஸ்லிம் அல்லாதார் கலியாணத்தைப் பதிந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். பதியாத கலியாணத்தில் பிறக்கும் பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பெறும். தகப்பன் இந்த நாட்டுப் பிரஜையாயிருந்தும், தாய் வெளிநாட்டுப் பெண்ணாகவோ பத்திரமில்லாதவளாகவோ இருந்துவிட்டால், அந்தப் பிள்ளையின் கதி என்ன? சிவப்பு அடையாளக் கார்டோடு, அதுவும் இல்லாமல் சில வேளை, வளர்ந்து ஆளாகி நிற்கும் இளைஞர்களை நாம் பார்க்கிறோம். அவர்களுக்கு ரொக்க உதவியும் இல்லை, ஒழுங்கான வேலையும் இல்லை. இருநூறு வெள்ளி உதவித்தொகையை விட்டுத் தள்ளுங்கள், ஒரு மனிதனுடைய வாழ்வே போகிறது. தீபகற்பத்தில் பிள்ளை பிறந்து 60 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் காரியம் சுலபம். தவறினால் சாட்சி, விசாரணை, பஸ் செலவு, பேர் போடாத நாட்கள்.

ஒரு விஷயத்தில் சட்டத்தோடு நமக்குச் சண்டை உண்டு. உயிரோடு ஐந்து பிள்ளைகள் உள்ள தாய் ஆறாவதைப் பெற்றால், விடுமுறை உண்டு, அலவன்ஸ் கிடையாது. ரொக்க உதவித் திட்டமோ ஐந்து பிள்ளைகளுக்கு மேல் உள்ள குடும்பத்துக்கே அதிகம் தேவை என்று ஒப்புக்கொண்டு அதிகம் கொடுத்தது. ஒரு கை அள்ளிக் கொடுக்க, மறு கை பிடித்து நிறுத்துவது என்ன நியாயம்? அந்த வரம்பை எடுக்க வேண்டுமென்று நாம் கேட்கிறோம், இனியும் கேட்போம்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. நீங்களும் தொழிலாளிகளே. நிர்வாகத்தின் பேனா உங்கள் கையில் இருக்கிறது என்பதற்காக நாம் உங்களை வேறாக நினைக்கவில்லை. நிரைக்கு வருகிற பெண்ணின் பேரைத் தனியாக எழுதுங்கள். நிர்வாகம் தடுத்தால் எழுத்து மூலம் காரணம் கேளுங்கள், மீதியைச் சங்கம் பார்த்துக் கொள்ளும். சம்பளச் சீட்டைப் படித்துச் சொல்லும்படி யாராவது வந்தால் முகம் சுளிக்காதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி முதல் சங்கக் கட்டடத்தில் பாரம் எழுதும் மேசை போட்டிருக்கும். அடையாளக் கார்டு, கலியாணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். ஒன்றும் இல்லாதவர்கள் ஒன்றும் இல்லாமலே வாருங்கள், அவர்களுக்குத் தனி மேசை. கர்ப்பமாயிருக்கும் பெண்கள் வரிசையில் நிற்க வேண்டாம், நேரே உள்ளே வரலாம்.