வேடன் வில்லும் விலைக்கோழியும்

(மன்ற அன்பர் முன்னிலையில் வெள்ளவத்தையில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



வேட்டையாடி உண்பவனுக்கும் கடையிலே வாங்கி உண்பவனுக்கும் தரும நெறியில் ஏற்றத்தாழ்வு உண்டா என்பது இன்று மாலை நமக்குத் தரப்பட்ட வினா. வெள்ளவத்தைச் சந்தையிலே புறப்பட்டுக் கொட்டாஞ்சேனை ஜெம்பட்டா வீதி வரை நடந்து போனாலும் வில்லேந்திய ஒருவர் நம் கண்ணிற் படமாட்டார். ஆகவே வேடனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நமக்கு மிக எளிது. அவர் இங்கு வந்து மறுமொழி கூறப்போவதில்லை. கடையைப் பற்றிப் பேசுவதே கடினம். போயா தினத்தில் இறைச்சிக்கடை மூடியிருக்கும் என்று முதல்நாளே நினைவு வைத்து வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைப்பவர்கள் இச்சபையிலும் உண்டல்லவா?

நமது நூல்கள் புலாலை விலக்கியிருக்கின்றன என்பதில் ஐயமில்லை. திருவள்ளுவர் புலால் மறுத்தலுக்கு 26ஆம் அதிகாரத்தையும், கொல்லாமைக்கு 33ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். நாவலர் பெருமான் பள்ளிச் சிறுவருக்கென எழுதிய பாலபாடத்திலேயே புலாலுண்ணலைக் கண்டித்தார். இவற்றை மறுக்க நாம் வரவில்லை. முற்றாக விட்டவர்கள் நம் வணக்கத்துக்குரியவர்கள். ஆயின் நம்மவர் வீடுகள் பலவற்றில் வெள்ளிக்கிழமை மரக்கறி. கந்தசஷ்டி ஆறு நாளும் மரக்கறி. பாறணை முடிந்தபின் என்ன என்பதைச் சமையலறைதான் அறியும். பாறணைக்குப் பிந்திய அந்த நாட்களைப் பற்றியதே இந்தப் பேச்சு.

வேடன் என்றவுடன் சைவர்களாகிய நமக்கு முதலில் நினைவு வரவேண்டியவர் கண்ணப்ப நாயனார். அவர் கண்ணை இடந்து அப்பிய செய்தியைச் சிறு பிள்ளையும் சொல்லும். காளத்தியப்பருக்கு ஊன் படைத்ததையும் சொல்லும். அதற்கு முன்னே, திண்ணனார் முதன்முதல் கன்னி வேட்டைக்குப் போகும் பகுதியைச் சேக்கிழார் சுவாமிகள் விரிவாகப் பாடியிருப்பதை நாம் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகிறோம். நாய்கள் குரைக்க, பறை முழங்க, காடெங்கும் கொலை நடக்கிறது. சேக்கிழார் அதை மூடி மறைக்கவில்லை. அந்த ஆரவாரத்தின் நடுவே ஒரு செய்தியை வைக்கிறார். அவ்வேடர்கள் யானைக் கன்றைத் தொடர்ந்து போகமாட்டார்கள்; விலங்குகளின் சிறு குட்டிகளைக் கொல்லமாட்டார்கள்; சினைப்பட்டு நடை தளர்ந்த பிணைகளை அலைக்கழிக்கமாட்டார்கள்.

சேக்கிழார் சோழ நாட்டு அமைச்சராயிருந்தவர். வேடரைப் புகழவேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. அவர்கள் கொலைத்தொழிலைக் கொலைத்தொழில் என்றே சொல்கிறார். ஆனாலும் கொல்பவனுக்கும் ஒரு வரம்பு உண்டு, அந்த வரம்பை அவன் தன் கண்ணாலே பார்த்து, கையை மடக்கிக் காக்கிறான் என்பதைப் பதிந்து வைக்கிறார். குட்டியைக் கண்டு அம்பைத் தாழ்த்துவதற்குக் குட்டி கண்ணில் படவேண்டும் அன்றோ?

இனி நமது நாட்டுக்கு வருவோம். நம் நாட்டு ஆதிக்குடிகளான வேடர் தம்மை வன்னியல எத்தோ, அதாவது காட்டு மக்கள், என்று சொல்லிக்கொள்வர். மகியங்கனைக்கு அப்பால் தம்பானையில் இருப்போரை நாம் படங்களிற் கண்டிருக்கிறோம். வாகரைப் பக்கத்துக் கரையோரங்களில் தமிழ் பேசும் வேடர் இருப்பதைக் கொழும்பிலுள்ள நம்மவர் பலர் அறியார். மானும் மரையும் உடும்பும் தேனும் அம்மக்களின் பழைய வாழ்வு. மகாவலித் திட்டம் வந்தபின், 1983இல் மாதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவாயிற்று. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காட்டுக்குள் வில்லோடு புகுந்தவர் சட்டத்தின் கண்ணில் களவு வேட்டைக்காரரானார். பல குடும்பங்கள் குடியேற்றத்துக்குப் போயின. முதுபெருந் தலைவர் திசாஹாமி போக மறுத்துத் தம்பானையிலேயே வாழ்ந்து, 1998இல் மறைந்தார். அவர் மகன் வன்னில எத்தோ 1996இல் ஜெனீவாவுக்குச் சென்று ஐக்கிய நாடுகளின் மன்றத்தில் இம்முறைப்பாட்டை எடுத்துரைத்தார்.

கதிர்காமத்துக்கு நடந்து போகிறோம், வள்ளியம்மையைப் பாடுகிறோம். வள்ளி வேடர் தலைவன் நம்பியின் வளர்ப்பு மகள் என்பதும் நமக்குத் தெரியும். அந்தக் குலத்தார் உடும்பைப் பிடித்தால் முகஞ்சுளிப்பதும் நாமே.

வேட்டை எல்லாம் ஒன்றெனவும் கொள்ளவேண்டாம். ஆங்கிலேயர் காலத்திலே இங்கு நடந்தது வேறு. மேஜர் ரோஜர்ஸ் என்பார் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். 'தெய்வம் நின்று கொல்லும்' என்று நம் முதியோர் உடனே சொல்லுவர். அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம். எமர்சன் டெனன்ட் தமது இலங்கை நூலிலே தரும் கணக்கு இன்னும் கொடியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. தலைக்குச் சில சிலிங் வெகுமதி என அரசு அறிவித்ததே காரணம். பசிக்கும் இதற்கும் தொடர்பில்லை. தலைக்கு விலை வைத்தவுடன் கன்றென்றும் சினையென்றும் பார்க்கும் கண் போய்விட்டது.

நமது காலத்திலும் அது தொடர்கிறது. 2020 மே மாதம் மஸ்கெலியா நல்லதண்ணிப் பகுதித் தோட்டத்தில், அரிதினும் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டுச் சில நாளில் இறந்தது. இத்தகைய சுருக்குகளைப் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென வைக்கிறார்கள். சுருக்கு வைத்தவன் வீட்டிலே உறங்குகிறான். கம்பி பன்றியையும் அறியாது, சிறுத்தையையும் அறியாது. இதையும் வேட்டை என்று சொல்லுகிறோம். நம் கருத்தில் இது காட்டுக்குள் புகுந்த இறைச்சிக்கடை. காட்டிறைச்சியை ஒளித்து விற்பவரிடம் கொழும்பிலிருந்து போய் வாங்கி வந்து, 'நல்ல சுத்தமான சாமான்' என்று பெருமை பேசுவோருக்கும் இதிலே பங்குண்டு.

இனிக் கடைக்குப் போவோம். அங்கே தொங்குவனவும் பொதியில் உறைந்து கிடப்பனவும் பெரும்பாலும் கோழி. அதிலும் புரொயிலர் கோழி. ஊர்க்கோழியின் முன்னோர் காட்டுக்கோழி. நம் நாட்டுக் காட்டுக்கோழி அதற்குக் கிட்டிய உறவு. அதுவே நமது தேசியப் பறவையுமாகும். புரொயிலர் கோழியை மனிதன் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகத் தெரிந்து தெரிந்து பெருக்கி, வேறொரு பிராணியாகவே ஆக்கிவிட்டான். கனடாவின் அல்பேட்டா பல்கலைக்கழகத்தார் 1957ஆம் ஆண்டின் கோழியினத்தை மாற்றமின்றிப் பேணி, 2005ஆம் ஆண்டின் இனத்தோடு ஒரே தீனியிட்டு வளர்த்து, 2014இல் முடிவை வெளியிட்டனர். 56 நாளில் பழைய இனம் ஏறத்தாழ 900 கிராம். புதிய இனம் ஏறத்தாழ 4,200 கிராம். தீனி ஒன்றே, ஊசி மருந்து காரணமன்று, பிறப்பிலேயே அப்படி ஆக்கப்பட்டிருக்கிறது. உடல் பெருக்கும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்க மாட்டாமல் நொண்டுவனவும் வீழ்வனவும் உண்டு.

இக்கோழியை ஏறத்தாழ ஆறு கிழமையில் கொல்லுகிறார்கள். ஊர்க்கோழி முற்றத்திலே ஆண்டுக்கணக்காக வாழக்கூடியது. ஆறு கிழமைப் புரொயிலரின் குரலைக் கேட்டவர்கள் அறிவர். அது கொக்கரிப்பதில்லை, குஞ்சு போலக் கீச்சிடும். உடல் இரண்டு கிலோ, குரல் குஞ்சின் குரல். முட்டைக்கென வளர்க்கும் இனத்திலோ சேவற்குஞ்சினால் முட்டையும் இல்லை, வேண்டிய அளவு இறைச்சியும் இல்லை. ஆகையால் பொரித்த அன்றே கொன்றுவிடுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. ஆண்டுக்கு 700 கோடி வரை இவ்வாறு மடிவதாக மதிப்பிடுகிறார்கள். இது பொறுக்காமல் ஜேர்மனி 2022 தொடக்கம் இதைச் சட்டத்தால் நிறுத்தியது. இறைச்சிக்காக உலகில் ஆண்டுதோறும் கொல்லப்படும் கோழிகள் 7,000 கோடிக்கு மேல்.

திண்ணனாரின் கூட்டத்தார் குட்டியை விலக்கினர். நாமோ குட்டியையே கேட்கிறோம். முற்றிய கோழி வேகாது, இளசாய்க் கொடு என்று கடைக்காரரிடம் சொல்லாதவர் யார்?

பெரியவர் ஒருவர் சென்ற கூட்டத்திலே கேட்டார்: 'வேடனோ கையாலே கொல்லுகிறான், நாம் கொல்லவில்லை, வாங்குகிறோம். நம் பாவம் குறைவு அல்லவா?' இதற்கு வள்ளுவர் முன்னமே இடம் வைக்கவில்லை. தின்பதற்காக விலை கொடுப்போர் இராவிட்டால் விற்பதற்காகக் கொல்லுவோரும் இரார் என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் காலத்தில் கடைக்கும் கொல்களத்துக்கும் இடையே ஒரு வேலி இருந்திருக்கலாம். இன்று ஒரு மாவட்டமே இடையில் இருக்கிறது. குருநாகல் பக்கத்துப் பண்ணையில் வளர்ந்து, இன்னோரிடத்தில் வெட்டுண்டு, குளிர் வண்டியிலே காலி வீதிக்கு வந்து சேரும்போது அதற்குத் தலையும் இல்லை, இறகும் இல்லை. கொன்றவர் யார் என்று வாங்குபவருக்குத் தெரியாது. அவர் நாட்கூலிக்கு நிற்கும் ஏழை. ஒரு நாளில் எத்தனை கழுத்து என்று அவரும் எண்ணுவதில்லை. பாவத்தைப் பங்கு போட்டால் நமக்கு வருவது சிறு பங்கென்று எண்ணுகிறோம். பங்கு போட்டதனால்தான் அது 7,000 கோடியாயிற்று என்பதை எண்ணுவதில்லை.

இங்கே மகாபாரதத்துத் தருமவியாதரை நினைக்கவேண்டும். மிதிலையிலே இறைச்சி விற்றவர். கோபப் பார்வையாலே கொக்கை எரித்த கௌசிக முனிவர், ஓர் இல்லத்தரசியின் சொற்படி அவரிடம் தருமம் கேட்கப் போகிறார். தாம் கொல்வதில்லை, பிறர் கொன்றதை விற்பதாக வியாதர் சொல்கிறார்; ஆயினும் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவில்லை. தம் தொழில் கொடியது என்றே ஒப்புகிறார். அதோடு, கலப்பை நிலத்தைக் கீறும்போதும் எத்தனையோ உயிர்கள் மாள்கின்றன என்று முனிவருக்கு எடுத்துக் காட்டுகிறார். மரக்கறி உண்பவர்களாகிய நாமும் அதைக் கேட்டுவைப்பது நல்லது.

அப்படியானால் எல்லோரும் வில்லெடுத்துக் காட்டுக்குப் போகலாமா என்று வாலிபர் சிரிப்பர். போக முடியாது. கொழும்பு மாநகரம் ஒருநாள் வேட்டைக்குப் புறப்பட்டால் வில்பத்து ஒரு கிழமைக்குத் தாங்காது. வேட்டையை உயர்த்திப் பிடிப்பதும் நம் நோக்கமன்று; அம்பு தைத்த மானுக்கு நோவு ஒன்றுதான். சொல்ல வந்தது வேறு. வேடனைப் பிடித்து நிறுத்திய மூன்று தடைகள் நம்மிடம் இல்லை: பிராணியின் முகம், அதன் பருவம், தன் பசியின் அளவு. இம்மூன்றையும் கடை நம்மிடமிருந்து மெல்ல எடுத்துக்கொண்டது. நாமும் மகிழ்ந்து கொடுத்துவிட்டோம்.

யாழ்ப்பாணத்திலே கோயில் வேள்விக்கு 2017இல் மேல் நீதிமன்றம் தடை விதித்தபோது நம்மவர் பலர் வரவேற்றோம். வரவேற்கத் தக்கதே. அந்த ஆட்டுக்கடாக்கள் ஒரு வீட்டிலே பெயர் வைத்து, குழை போட்டு வளர்க்கப்பட்டவை, ஊரறிய வெட்டப்பட்டவை. கண்ணுக்குத் தெரிந்ததனால் நம் மனம் பொறுக்கவில்லை.

மாட்டைப் பற்றியும் ஒன்று. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் பசுக்கொலையை ஓரளவு கட்டுப்படுத்தியது. 2020 செப்டம்பரில் நாடெங்கும் மாடறுப்பை நிறுத்துவதற்கு அமைச்சரவை இணங்கியது. நம்மிலே பலர் கோயிலில் அர்ச்சனை செய்தனர். அதே முடிவில் இன்னொன்றும் இருந்தது: உண்போருக்கு வேண்டிய மாட்டிறைச்சியை வெளிநாட்டிலிருந்து இறக்கிச் சலுகை விலைக்குக் கொடுப்பது. அறுக்கும் இடம் துறைமுகத்துக்கு அப்பால் போகும். மாட்டுக்கு என்ன மாறும்?

மச்சம் தொடாதவர்கள் இதுவரை நிம்மதியாக இருந்திருப்பீர்கள். நாம் குடிக்கும் பால்மாவின் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருகிறது. பசு பால் தர வேண்டுமானால் கன்று ஈனவேண்டும். வேண்டாத கன்றுகள், பெரும்பாலும் ஆண் கன்றுகள், அந்நாட்டிலே பிறந்து சில நாளிலேயே கொல்களத்துக்குப் போகின்றன; ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கு மேல். இந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டு வாகரை வேடரைப் பார்த்து 'உயிர்க்கொலை செய்கிறீரே' என்று எந்த வாயால் சொல்வது?

வீட்டுக்கு வீடு செய்யக்கூடியவை சில உண்டு. விடக்கூடியவர் விடட்டும். விடமுடியாதவர் கிழமையில் நான்கு நாளை ஒரு நாளாக்கட்டும். அந்த ஒரு நாளும் எங்கே, எப்படி வளர்ந்தது என்று கேட்டறிந்து, முற்றிய ஊர்க்கோழியாக வாங்கட்டும். விலை கூட என்றால் அளவைக் குறைக்கட்டும். பெட்டிக்கூட்டு முட்டையை விட்டு முற்றத்து முட்டைக்கு மாறலாம். அறிந்த பால்காரரிடம் பசும்பால் எடுக்கலாம். எடுக்கும்போது அவருடைய ஆண் கன்றுகள் எங்கே என்றும் கேட்கலாம். மன்றத்தின் ஆண்டு விழாத் தேநீருக்கு எந்தப் பால் என்பதைச் செயற்குழு இம்மாதக் கூட்டத்திலே எடுத்துக்கொள்ளும்படி செயலாளரிடம் கேட்டிருக்கிறோம். இதிலே கருத்துடையவர்கள் அன்று தவறாமல் வாருங்கள்.